பின்பலகையில் அமுக்கியது யார்?

நான் பத்துச் சொன்னால் எங்கள் தெருவில் ஐந்தைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள். என் வீட்டுக்காரர் எட்டைக் கழிப்பார். இந்த ஒரு தடவை மட்டும் யாரும் எதையும் கழிக்க வேண்டாம். நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் இருக்கிறார். காஜா எடுப்பதில் கெட்டிக்காரர். மற்ற விஷயங்களில் அப்படிச் சொல்லிவிட முடியாது. போன வருஷம் திடீரென்று ஒரு சின்னப் படகையும், அதன் பின்னால் தொங்கும் கிழட்டு மோட்டாரையும் வாங்கிவிட்டு வந்து நின்றார். படகுத்துறைக்குப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்யும் ஒருவர் விற்றது. "ஏரியில சவாரி ஓட்டப் போறேன் அக்கா" என்றார். நீச்சல் தெரியாது. அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பெயர் மாலுமி. வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

முதல் சவாரிக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு போனார். நடு ஏரியில் மோட்டார் நின்றது. மீன்காரர்கள் பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வரும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். பேசியது அத்தனையும் சண்டை. மறுவாரமே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"அந்த மோட்டார்லயே, நடுவுல நிக்காம வந்து கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு வரேன். இல்லன்னா அதுகூடயே குடும்பம் நடத்துங்க."

இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து நான் என் சமையலறை ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. அந்த மாதம் அந்தக் கொக்கிக்கு நிறையவே எண்ணெய் தேவைப்பட்டது.

விஷயம் முற்றியது ஒரு வியாழக்கிழமை. அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. மறுநாள் காலையில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். தங்கைக்கும் அந்த ஊரில் வேலை பார்த்தாகிவிட்டது. அவள் போன் செய்து மாலுமியிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னாளாம். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்தா உங்க வீடு, வரலன்னா அண்ணன் ஊரு."

மாலுமி கையிலிருந்த கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் துறைக்கு ஓடினார். தெருமுனை மெக்கானிக்கைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார். எனக்கும் துறைப் பக்கம் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்பதைப் போகும் வழியில் யோசித்துக்கொண்டேன்.

மெக்கானிக் பைக் பார்க்கிறவர். எந்த வண்டியையும் முதலில் திட்டிவிட்டுத்தான் தொடுவார்.

"என்னய்யா பண்ணுது உன் சனியன்?"

"கரையில நல்லா ஓடுது அண்ணே. நடுவுல போய் வேகம் கொடுத்தா மூச்சு வாங்குது. அப்படியே தொங்கிப் போயிடுது."

"எண்ணெய் போட்டியா?"

"தையல் மெஷின் எண்ணெய் போட்டேன்."

மெக்கானிக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் திருகு உண்டு. அதை இறுக்கி வைத்திருந்தால் பெட்ரோல் வராதாம். திறந்துதான் இருந்தது. பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதியது ஊற்றினார். டேங்கின் அடியில் தண்ணீரும் தேங்கியிருக்கவில்லை. விசிறியில் பாசி சுற்றியிருந்தது. அறுத்து எறிந்தார். பிளக்குகள் இரண்டும் கரி. மாற்றினார். மோட்டாரை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக்கின் வயரையும் மாறி மாறிப் பிடுங்கிப் பார்த்தார். எதைப் பிடுங்கினாலும் சத்தம் பாதியாகக் குறைந்தது. "ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. அப்போ பெட்ரோல்தான் பத்தல" என்றார்.

டேங்கிலிருந்து மோட்டாருக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. அதன் நடுவில் கைக்கு அடக்கமாக, முட்டை மாதிரி ஒரு குமிழ். மோட்டாரைக் கிளப்புவதற்கு முன் அதை நாலு தடவை அமுக்கினால் பெட்ரோல் ஏறிக் குமிழ் கெட்டியாகும். அதற்குப் பிறகு மோட்டாருக்குள் இருக்கும் பம்பு தானே இழுத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் அதற்குப் பல்பு என்று பெயர் சொன்னார். மாலுமி மோட்டார் வாங்கிய அன்றே பல்பு வாங்கிவிட்டார் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மெக்கானிக் குமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன? ரெண்டு பக்கமும் குழாயை அறுத்து மறுபடி ஒட்டியிருக்கு?"

"வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"கிளிப்பைக் கழட்டினா வந்துடும். அறுக்க வேண்டிய அவசியமே இல்லையே. எந்த முட்டாப்பய பண்ண வேலை இது?"

நானும் எட்டிப் பார்த்தேன். குமிழின் மேல் நான்கு பள்ளங்கள். பல வருஷம் ஒரே கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பள்ளம். என் விரல்களை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. என்னைவிடச் சின்னக் கை.

"பம்புக்குள்ள ரப்பர் தாள் கிழிஞ்சிருக்கும்" என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை பிரிச்சுப் பாத்துடலாம்."

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பெண்டாட்டி இருக்க மாட்டா அண்ணே!"

"அப்போ ஒண்ணு பண்ணு. யாராவது பின்பலகையில உக்காந்து இந்தப் பல்பை விடாம அமுக்கிட்டே வரணும். கை பம்பு மாதிரி. நின்னா நின்னுடும். நீ நடுவுல ஸ்டீயரிங்ல இருப்ப, உனக்கு எட்டாது. ஆள் இருக்கா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பெண்டாட்டி வருவாளா மாட்டாளா என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு. அதை விட்டுவிடுகிற ஆளா நான்? "நாலு வீட்டு விஷயத்தைக் கிளறின கை தம்பி இது. ஒரு ரப்பரை அமுக்காதா?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது நாலே முக்கால்.

பின்பலகையில் மோட்டாருக்குப் பக்கத்தில் மடித்த சாக்கு ஒன்று ஆணியடித்துப் பொருத்தியிருந்தது. உட்கார இதமாகத்தான் இருந்தது. கால் வைக்கும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. யாரோ அங்கே ஒரே மாதிரி உட்கார்ந்து, ஒரே மாதிரி காலை ஊன்றிப் பல காலம் பயணம் செய்திருக்கிறார்கள்.

புசுக்... புசுக்... புசுக்...

முதலில் வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச தூரத்தில் மணிக்கட்டு வலித்தது. கை ஓய்ந்தால் மோட்டார் உடனே குரலை இறக்கியது. மாலுமி திரும்பாமலே கத்துவார்.

"அமுக்குங்க அக்கா!"

"அமுக்குறேன், அமுக்குறேன். நீ பாதையைப் பாரு."

நடு ஏரி தாண்டியபோது என் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது. குமிழை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். நான் எதையும் அவசரமாகத் துடைக்கிறவள் இல்லை. நன்றாகத் துடைத்து, ஊதி, மாட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் உறைத்தது. மோட்டார் சத்தம் இறங்கவில்லை.

சரி, அதுவாகவே சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். குமிழை மறுபடி பிடித்தேன். கெட்டியாக இருந்தது. யாரோ அப்போதுதான் அமுக்கி விட்டமாதிரி.

சூடாகவும் இருந்தது. என் கை அவ்வளவு நேரம் அதில் இல்லை. காற்றோ சில்லென்று அடிக்கிறது. வெயில் அந்தப் பக்கமே இல்லை.

மோட்டார் சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். விட்டுத்தள்ளினேன்.

அக்கரையில் அவள் பெட்டியோடு நின்றிருந்தாள். அண்ணனும் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்தால் படகு கவிழ்ந்திருக்கலாமே என்று வருத்தப்படுகிற மாதிரி இருந்தது.

"நடுவுல நின்னுச்சா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நிக்கல. சத்தியமா நிக்கல. அக்காவைக் கேளு."

"நிக்கலம்மா" என்றேன். "உங்க வீட்டுக்காரர் சூறாவளி மாதிரி ஓட்டினாரு." இதில் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

அவள் படகைப் பார்த்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கு ரெண்டு சாட்சியா? நல்ல ஆளு நீங்க."

இரண்டு சாட்சி என்றால் நானும் மோட்டாரும் என்று நினைத்துக்கொண்டேன். கேலி பேசுவதில் அவளும் சளைத்தவள் இல்லை.

அவள் ஏறி, படகின் முன்பலகையில் எங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மாலுமி, அவளைப் பார்த்தபடி. பின்னால் நான். கிளம்பும்போது சூரியன் இறங்கிவிட்டது. வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது.

புசுக்... புசுக்...

கொஞ்ச தூரம் போனதும் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். தணிந்த குரல். அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையைக் குனிந்தார். அவள் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. பாழாய்ப்போன மோட்டார் சத்தம். இதற்காகவா நான் கைவலியோடு அக்கரை வரை வந்தேன்?

முன்னால் நகர்ந்து கேட்டுவிட்டு, மோட்டார் இறங்கினால் ஓடி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நாலு அமுக்கு அமுக்கிவிட்டு, குனிந்து, மெல்ல நகர்ந்து, மாலுமியின் முதுகுக்குப் பின்னால் இருந்த குறுக்குப் பலகையில் உட்கார்ந்தேன்.

"...உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணா நீ எடுக்கல."

"நாலாவது தடவை பண்ணியிருந்தா எடுத்திருப்பேன்."

நல்ல இடம். அப்படியே காதைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

மோட்டார் இறங்கவில்லை. ஒரே சீராக ஓடியது. வரும்போது ஓடியதைவிட நன்றாக.

மாலுமி முகத்தைத் திருப்பாமல் சத்தமாகச் சொன்னார். "இப்பதான் அக்கா கை பழகியிருக்கு. அப்படியே அமுக்குங்க!"

நான் அவர் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு கையும் என் மடியில்.

பின்னால்...

புசுக்... புசுக்... புசுக்...

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, அந்த அம்மா எங்க இறங்கணும்?"

"எந்த அம்மா?"

"உங்க பக்கத்துல உக்காந்திருந்தாங்களே. இப்போ அமுக்குறாங்களே... அவங்க."

அடுத்தவர் வீட்டுக் கதவு கிறீச்சிட்டாலே எட்டிப் பார்க்கிற ஜென்மம் நான். வாழ்க்கையில் முதல் தடவையாக, திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

"யாரும் வரலம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் முகம் மாறியது. மெதுவாக. வாய் திறந்தது. மூடவில்லை.

"என்ன? என்ன அங்க?" மாலுமி திரும்பப் போனார்.

அவள் பாய்ந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "திரும்பாதீங்க. ஓட்டுங்க. என்னையே பாருங்க. ஓட்டுங்க."

"ஏன்டி..."

"ஓட்டுங்கன்னு சொல்றேன்ல!"

அவள் கண் மட்டும் பின்பலகையை விட்டு நகரவில்லை.

"அக்கா... அவங்க தலை தொங்குது." மூச்சுக் காற்றில் சொன்னாள். "தூங்குற மாதிரி... நெஞ்சுல தொங்குது... கை மட்டும்..."

புசுக்.

இடைவெளி.

புசுக்...

நீண்ட இடைவெளி.

மோட்டார் குரலை இறக்கியது. கரை வெகு தூரம். சுற்றிலும் கறுத்த தண்ணீர். இங்கே நின்றால்... அதனோடு இங்கேயே...

நிற்கக் கூடாது. அமுக்க வேண்டும். ஆனால் யார் போய் அங்கே உட்காருவது?

படகு வேகம் குறைந்து தொய்ந்தது.

மாலுமிக்கு எங்கள் பேச்சு எதுவும் புரியவில்லை. நான் பின்னால் இருக்கிறேன் என்றே நினைப்பு. நடுவில் நின்றால் பெண்டாட்டி போய்விடுவாள் என்ற ஒரே பயம். அந்தப் பதற்றத்தில் மரியாதை பறந்துவிட்டது. அடித்தொண்டையில் கத்தினார்.

"அமுக்கு!"

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு...

புசுக்புசுக்புசுக்புசுக்...

மோட்டார் அலறியது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. அந்தக் கிழட்டு மோட்டாருக்குள் அவ்வளவு வேகம் எங்கே இருந்ததோ.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரை வரும்வரை.

துறையில் மாலுமி மோட்டாரை அணைத்தார். சத்தம் நின்றது.

புசுக்.

ஒரே ஒரு தடவை.

பின்பலகையில் யாரும் இல்லை. அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். நான் போய்த் தொட்டும் பார்த்தேன். பயத்திலும் என் புத்தி போகவில்லை பாருங்கள். குமிழ் கல் மாதிரி இறுகியிருந்தது. சாக்கு சில்லிட்டிருந்தது. நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த சூடு ஒரு பொட்டுக்கூட இல்லை.

அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நடுவில் நிற்கவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான் என்றாள். ஆனால் இந்த ஜென்மத்தில் அந்தப் படகில் ஏற மாட்டாளாம். மாலுமியும் மறுபேச்சுப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்து பம்பைப் பிரித்தார். உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் தாள் கிழியவில்லை. இல்லவே இல்லை. விரலால் தொட்டால் கறுப்புத் தூள்.

"இது வருஷக்கணக்கா செத்துக் கிடக்கு" என்றார். "கரையில அமுக்கி ஏத்தின பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடும், அவ்வளவுதான். கையால அமுக்காம ஏரியைத் தாண்டவே முடியாது. கை வலிக்காம எப்படித்தான் வந்தீங்களோ."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சாவி தொலைந்துவிட்டது என்று ஒரு நல்ல பூட்டை எடுத்துக்கொண்டு, படகை விற்ற பூட்டுக்காரரின் கடைக்குப் போனேன்.

அவர் பூட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"தையல்காரர் தெருவா?"

"ஆமாங்க."

"மோட்டார் நின்னுச்சா?"

"நிக்கல."

அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். பம்பு எப்போதோ போய்விட்டதாம். மாற்ற அவருக்கு அலுப்பு. எதற்கு, மனைவிதான் கூடவே வருகிறாளே. பின்பலகையில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே வருவாள். கரை வந்ததும் அவர் "போதும்" என்பார். அப்புறம்தான் கையை எடுப்பாள். போகிற இடமெல்லாம் அப்படித்தான்.

"அன்னைக்கும் பாதியில மோட்டார் இறங்குச்சு. நான் திரும்பிப் பாக்கல. எப்பவும் திரும்ப மாட்டேன். அமுக்குன்னு ஒரு சத்தம் போட்டேன். அமுக்கினா. நல்ல வேகம். கரைக்கு வந்துதான் திரும்பினேன்."

கீழே வைத்த அரத்தை எடுத்துத் துணியில் துடைத்தார்.

"தலை தொங்கிக் கிடந்துச்சு. டாக்டர் பாத்துட்டு, கிளம்பின கொஞ்ச நேரத்துலயே உயிர் போயிருக்கும்னு சொன்னாரு. பாதி தூரத்துக்கு முன்னாடியே."

"அப்போ... நீங்க சத்தம் போட்டப்ப..."

"விரலைப் பிரிக்க முடியலம்மா. நாலு பேர் பாத்தாங்க, முடியல. கடைசியில ரெண்டு பக்கமும் குழாயை அறுத்து, பல்போடயே தூக்கிட்டுப் போனாங்க. அடக்கத்துக்கு முன்னாடி விரல் தானா விட்டுச்சு, நான்தான் பல்பைத் திரும்ப ஒட்டி வெச்சேன்."

அந்த வெட்டு. என் விரல் பொருந்தாத அந்தப் பள்ளம். அதைத்தான் நான் ஒரு மாலை முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து வெளியே வந்தவள், கதவருகே நின்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியாதே எனக்கு.

"அன்னைக்குப் போதும்னு சொன்னீங்களா?"

"அவளைப் பாத்த பிறகு எனக்குப் பேச்சு வரல."

"இப்பவாவது வந்து சொல்லிடுங்களேன். துறை பக்கத்துலதானே."

அவர் என் பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"சொன்னா நிறுத்திடுவா இல்லம்மா?" என்றார். "அப்புறம் நிஜமாவே போயிடுவா."

அவர் சொல்ல மாட்டார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுத் துறையில் போய் நிற்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

என் வாயால் இது தெரிந்ததிலிருந்து எதிர்வீட்டு மாலுமி மனைவியிடம் எதைக் கேட்டாலும், நூல் எடு, துணியைப் பிடி, விளக்கைப் போடு, எதுவானாலும் முடிந்ததும் மறக்காமல் "போதும்மா" என்கிறார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். தெருவில் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டேங்கையும் எடுத்தாகிவிட்டது. அந்தக் குமிழ் மட்டும் அறுந்த குழாயோடு படகின் பின்பலகையில் கிடக்கிறது. அதைத் தொட யாரும் தயாராக இல்லை.

போன வாரம் துறைப் பக்கம் போனேன். இந்தத் தடவை எந்த வேலையும் இல்லை. பொழுது சாய்ந்திருந்தது. பூட்டுக்காரர் இன்னும் வரவில்லை. படகு கட்டிக் கிடந்தது.

புசுக்... புசுக்...

மோட்டார் இல்லை. பெட்ரோல் இல்லை.

புசுக்...

ஊரில் எல்லார் விஷயத்திலும் தலையிட்ட வாய் இது. இதிலும் தலையிட்டால்தான் என்ன என்று தோன்றியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரைப் பார்த்துச் சொன்னேன்.

"போதும்."

சத்தம் நின்றது.

நானும் மூச்சை நிறுத்தினேன். தான் எதிர்பார்த்த குரலா என்று யாரோ காதில் வாங்கிப் பார்க்கிற மாதிரி ஒரு அமைதி.

பிறகு...

புசுக்... புசுக்... புசுக்...